குடிபெயர்ந்தோரின் மனத்துயரும் மொழியும்

வட்டவடை என்னும் ஊரை நேயர்களிற் சிலரே கண்டிருக்கக்கூடும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனைத் தாண்டி, பாம்பாடும் சோலையின் நிழலினூடே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால், படிப்படியாகச் சரிந்திறங்கும் வயல்கள் தென்படும். பூண்டும் உருளைக்கிழங்கும் கோசும் அங்கே விளைகின்றன. ஊர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டிலும் வயலிலும் கோவிலிலும் ஒலிப்பதோ தமிழ். தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவ்வூரார் சொல்லிவருகின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தின் பக்கமே நின்றது. ஆகவே அலுவலகமும் ஆஸ்பத்திரியும் அம்மக்களிடம் பெரும்பாலும் மலையாளத்திலேயே பேசுகின்றன.

இதனால் அன்றாட வாழ்வு நின்றுவிடவில்லை. பூண்டு விற்கவும் பஸ் ஏறவும் போதிய மலையாளம் எல்லையோரத்தார்க்குத் தெரியும். கால் முறிந்தவன் மருத்துவரிடம் காலைக் காட்டினாலே போதும். மனம் முறிந்தவன் எதைக் காட்டுவான்? இரத்தத்தைச் சோதித்தும் நிழற்படம் எடுத்தும் அறியும் வழி மனநோய் மருத்துவத்தில் மிகக் குறைவு. நோயாளி சொல்லும் சொல்லே அங்கே நாடி.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். முற்றிலும் அந்நியமான மொழி அவ்வளவு ஆபத்தானதன்று. புரியவில்லை என்பதாவது அங்கே புரிந்துவிடும். உடன்பிறந்த மொழிகளே நம்மை ஏமாற்றுகின்றன. மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம். தமிழில் அது குறும்பு. 'பேடி' என்றால் அங்கே அச்சம். இங்கே அது ஒருவரை இழித்துரைக்கும் சொல். 'சங்கடம்' அங்கே கண்ணீர் வரும் துக்கம். இங்கே சிறு இக்கட்டு. "விஷமம் உண்டோ?" என்று மருத்துவர் பரிவோடு வினவ, எதிரே இருக்கும் மூதாட்டி, "நான் ஏன் விஷமம் செய்யப்போகிறேன்?" என்று திகைத்தால் குற்றம் யாருடையது?

மறுபுறமும் இதே தொல்லை. நம்மவர் துயரத்தை உடம்பின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கமுடையவர்கள். நெஞ்சு அடைக்கிறது, அடிவயிறு கலங்குகிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்பார்கள். நெஞ்சு அடைக்கிறது என்றவருக்கு இருதயத்தைச் சோதிப்பது முறையே. சோதனையில் பழுதில்லை என்றானபின், "உமக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவதுதான் கொடுமை. 'ஏக்கம்' என்ற ஒரு சொல்லில் பிரிவும் ஆசையும் அச்சமும் உடல்மெலிவும் அடங்கியிருக்கின்றன. அதனை ஒற்றைச் சொல்லில் வேறு மொழிக்கு மாற்ற என்னால் இயலாது.

இதற்கு வீடுகள் கண்டிருக்கும் எளிய வழி, பள்ளியில் மலையாளம் பயின்ற பிள்ளையை உடனழைத்துச் செல்வது. எளியது, ஆனால் தவறானது. சாக வேண்டும் என்ற எண்ணம் தனக்கு வருவதை எந்தத் தாய் பன்னிரண்டு வயது மகளின் வாயால் சொல்லுவாள்? கணவன் குடித்துவிட்டு அடிப்பதை எப்படிச் சொல்லுவாள்? அவள் மறைப்பாள், மகளோ கேட்டதிற் பாதியை விழுங்குவாள். மொழி தெரிந்த, உறவல்லாத, கேட்டதை வெளியிடாத ஒருவர் நடுவே இருக்கவேண்டும்.

வட்டவடைக்கு வெகுதொலைவில் இல்லை பெட்டிமுடி. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, தேயிலைத் தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த லயங்களின்மீது மலை சரிந்தது. எழுபது பேர் மாண்டனர். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம். தலைமுறைகளுக்குமுன் தோட்டவேலைக்கு மலையேறிய குடும்பங்கள். மீட்ட உடல்களை இராஜமலையில் ஒருசேர அடக்கம் செய்தனர். கொரோனாக் காலமாதலின் உறவினர் திரண்டுவந்து அழவும் தடைகள் இருந்தன. நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை.

உடல் கிடைக்காத சாவு வீட்டாரை என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்து மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் நெடுங்காலம் கண்டு எழுதியவர். காணாமற்போனவரின் மனைவி பொட்டை அழிப்பதா, தாலியைக் கழற்றுவதா என்று அறியாது நிற்கிறாள். கருமாதி செய்தால் கணவனைத் தானே கொன்றதாக அவள் நெஞ்சு குத்தும். செய்யாவிட்டால் துக்கம் முடிவதில்லை. தாலி என்பது என்னவென்று விளக்கிச் சொல்லவேண்டிய ஒருவரிடம் அவள் ஆறுதல் பெறுவது எங்ஙனம்? போரினால் தனிமனிதன் மட்டுமன்றிக் குடும்பமும் ஊருமே புண்படுகின்றன என்பது சோமசுந்தரத்தின் துணிபு. ஆகவே சடங்குகளும் கூட்டு அழுகையும் மருத்துவத்துக்குப் புறம்பானவை அல்ல என்றார். மனத்தைத் தளர்த்தும் பயிற்சியிலும், சைவருக்கு ஓம், முஸ்லிமுக்கு சுபஹானல்லாஹ் என்று அவரவர் சமயச் சொல்லையே கையாண்டார். 1983 முதல் மண்டபத்தில் வந்திறங்கிய ஈழத்து அகதிகளுக்கு மொழித்தடை இல்லை என்று நாம் எண்ணலாம். ஆயினும் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கும் அவர்கள் கண்டுவந்த காட்சிகளும் இங்குள்ள மருத்துவருக்கு ஒருவகை அயல்மொழியே.

நம்பிக்கையை மதிப்பது என்றால் எல்லாவற்றையும் கோவிலுக்கு விட்டுவிடுவதா? பெங்களூர் தேசிய மனநல நிலையத்தைச் சார்ந்த ரகுராம் முதலியோர் 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் முத்துசாமி கோவிலொன்றில் தங்கிய 31 மனநோயாளிகள், மருந்தின்றி, சராசரி ஆறு வாரங்களில், நோய்க்குறியளவில் ஏறத்தாழ 20 சதவீதம் தேறியிருந்தனர். ஆய்வு சிறியது; அதனைக் கொண்டு மருந்தைத் தள்ளிவிட முடியாது. அங்கே உறவினர் உடனிருக்க, அவர்கள் கோவிலில் சிறு வேலைகள் செய்தனர். ஓராண்டுக்குமுன், 2001 ஆகஸ்டில், ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் மாண்டனர். இவ்விரண்டையும் 'நாட்டு வைத்தியம்' என்ற ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகாது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், நோயாளியின் பண்பாட்டை அறிவதற்கென 16 கேள்விகள் உள்ளன. உமது துன்பத்தை உம் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர், அதற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர் என்பன போன்றவை. நம் ஊர் மருத்துவச்சிகள் கேட்டுவந்தவை தாமே இவை! இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தோர் வேலை செய்கின்றனர். அவர்களிடம் இக்கேள்விகளைக் கேட்கத் தமிழும் போதாது, மலையாளமும் போதாது.

2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், நோயாளிக்குத் தரவேண்டிய விவரங்களை அவருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் தரவேண்டும் என்று 22-ஆம் பிரிவில் கூறுகிறது. அதனை வட்டவடைக்காரர் ஒருவர் கேட்டுப் பெறலாம், கேட்பது சலுகையன்று. மேலும், 2022 அக்டோபர் 10-ஆம் தேதி இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவுபகல் எந்நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம். இணைப்புக் கிடைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தமிழும் மலையாளமும் அதில் உண்டு. மலையாளத்தில் எவ்வளவு சரளமாகப் பேசுபவராயினும், அழவேண்டியிருப்பின் தமிழையே தேர்ந்தெடுங்கள்.