அனுமதிக் கடிதத்தின் சொற்களை அறிவோம்

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். ஆதலின் நெடுநேரம் பேச விரும்பவில்லை. அரசாங்கக் கடிதங்களில் வரும் சில சொற்களைப் பற்றி மட்டும் இன்று எடுத்துரைப்போம். சொற்கள் சிறியவைதாம், ஆனால் அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டதனால் ஆண்டுகளை இழந்தோர் நம்மிடையே உண்டு.

முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி, 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் பக்கம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே வயது முதிர்ந்த தாயார் ஒருவர், தகரப் பெட்டியிலிருந்து மடித்து வைத்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். "எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, ஐயா, நீல அடையாளக் கார்டு வர வேண்டியதுதான் பாக்கி" என்றார். தாளை வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்த சொல் 'அக்குவான் தெரிமா'. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதே அதன் பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தத் தாளை நம்பி ஆறு ஆண்டுகள் அவர் எந்த அலுவலகத்திற்கும் போகாமல் இருந்துவிட்டார்.

ஒரு மனு மூன்று படிகளைக் கடக்கிறது. முதற்படி, மனுவைப் பெற்றுக்கொள்ளுதல். அதற்குரியது 'அக்குவான் தெரிமா'. இரண்டாம் படி, 'டிசோக்கோங்', அதாவது ஆதரித்துப் பரிந்துரைத்தல். மூன்றாம் படியே 'டிலுலுஸ்கான்', அதாவது அனுமதி வழங்குதல். நம் பிள்ளைகளின் பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் 'லுலுஸ்' என்று இருக்கக் கண்டிருப்பீர்கள். தேர்வில் வெற்றி பெற்றவருக்கு உரிய அதே சொல்தான் இதுவும். தேர்வு எழுதிய எல்லாரும் தேறியவர் அல்லர். அதுபோல் மனுக் கொடுத்த எல்லாரும் அனுமதி பெற்றவர் அல்லர்.

பரிந்துரையை அனுமதி என்று எண்ணிவிடுவதும் உண்டு. குடியுரிமை மனுவைப் பெற்றுக்கொள்வது தேசியப் பதிவு இலாகா. முடிவு செய்வது உள்துறை அமைச்சு. பெரிய மனிதர் ஒருவர் ஆதரவுக் கடிதம் கொடுத்தால் அது துணை செய்யலாம். ஆனால் அதுவே அனுமதி ஆகிவிடாது.

இனி, 'நிரந்தரம்' என்ற சொல்லைப் பார்ப்போம். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்போர் 'பெமஸ்தாவுத்தின் தெத்தாப்', அதாவது நிரந்தரவாசிகள். நிரந்தரவாசி வேறு, குடிமகன் வேறு. இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை நம் முன்னோர் 1969ஆம் ஆண்டில் அறிந்தனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றாயிற்று. பல்லாண்டுகள் பால்மரம் வெட்டிய கைகளுக்கும் ஒரு தாள் தேவைப்பட்டது. பலர் தோட்டத்தை விட்டுத் தமிழகம் திரும்பினர். கணவன் அங்கும் மனைவி மக்கள் இங்குமாகப் பிரிந்த குடும்பங்களும் உண்டு. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், குடியுரிமை மனுப் பாரத்தை நிரப்பிக் கொடுக்காமல் 'பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று விட்டவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அக்குறை இன்னும் முற்றாகத் தீரவில்லை. 2011ஆம் ஆண்டில் 'மைடஃப்தார்' இயக்கம், பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்ய முனைந்தது. 2018ஆம் ஆண்டில், சிவப்புக் கார்டு வைத்திருந்த 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அறுபது வயதுவரை காத்திருக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது.

அடுத்து, புதுப்பித்தல். 'பெர்பஹாருயி' என்றால் புதுப்பித்தல். 'பஹாரு', புதியது என்னும் சொல் அதனுள்ளேயே இருக்கின்றது. 'லாஞ்சுத்தான்' என்றால் இருக்கும் காலத்தை நீட்டித்தல். 'சா செஹிங்கா' என்பதை அடுத்து வரும் தேதி வரையில் அந்தத் தாள் செல்லும். 'தாமாட் தெம்போ' என்றால் காலாவதி. லைசென்ஸ் கையில் இருந்தாலும், அந்தத் தேதி கடந்தபின் அது வெறுந்தாளே.

தோட்டத்து இளைஞர் பலரிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. ஓட்டுநர் லைசென்ஸ் காலாவதியாகி 3 ஆண்டுகளுக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விட்டுவிட்டால், புதிதாக லைசென்ஸ் எடுப்பவரைப் போல் மீண்டும் தேர்வுக்குச் செல்ல நேரும். செல்லாத லைசென்ஸுடன் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி இழப்பீட்டிலும் இடர் வரக்கூடும். ஒரு நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

'பெர்ஷாரத்' என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள். நிபந்தனையுடன் கூடியது என்பது அதன் பொருள். வாயிலில் பலகாரக் கடை போட விரும்பும் சகோதரிக்கு அங்காடி லைசென்ஸ் கிடைக்கலாம். ஆனால் உணவு கையாளுவோர் பயிற்சி பெற்றிருத்தலும் டைபாய்டு தடுப்பூசி போட்டிருத்தலும் வேண்டும். நிபந்தனையைப் படியாமல் அனுமதியை மட்டும் படிப்பது, மரத்தைப் பார்த்துவிட்டுப் பட்டையைப் பாராமல் வெட்டுவதை ஒக்கும்.

'டிதோலாக்' என்ற சொல்லைக் கண்டு பலர் மனம் உடைந்து விடுகின்றனர். நிராகரிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். பல துறைகளில் 'ராயுவான்' எனும் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு; அதற்குக் கெடு நாள் குறிக்கப்பட்டிருக்கும். குடியுரிமை மனு ஒருமுறை நிராகரிக்கப்பட்டாலும் மீண்டும் மனுச் செய்யத் தடையில்லை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது மூன்று. கடிதம் வந்த அன்றே, படித்த பிள்ளையிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொடுத்து, மேற்சொன்ன சொற்களில் எது இருக்கிறது என்று கேளுங்கள். காலாவதி தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அசல் தாளைப் பத்திரமாக வைத்து, நகல் ஒன்றை வேறிடத்தில் வையுங்கள்.

நாம் முன்பு குறிப்பிட்ட தாயாரைப் பற்றிக் கேட்க விரும்புவீர்கள். தம் பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அதே தாளுடன் அலுவலகம் சென்று, தம் மனுவின் நிலையை விசாரித்தார். கேட்கப்பட்ட ஆவணங்களையும் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் தாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை இப்பொழுது அவர் அறிவார்.