சல்லி உடைத்தவர்களின் சாலை



என் அம்மா சல்லி உடைத்தவர். பெட்டிக் கணக்கில் கூலி. விரல் நசுங்காமலிருக்கச் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொள்வார். அந்தச் சல்லியில் போட்ட தார்ச்சாலை ஊர் எல்லையோடு நின்றுவிட்டது. எங்கள் சேரிக்கு வரவில்லை. அங்கிருந்துதான் சாலையின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன்.

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் ‘கோர்வே’ என்ற வெட்டிவேலை முறை இருந்தது. உழவர்கள் கூலியின்றி அரசச் சாலைகளில் உழைக்க வேண்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே அவர்களைப் பிடித்து வரமுடியும். இடையில் பராமரிக்க ஆளில்லை. அதனால் சாலையை ஏறத்தாழ 18 அங்குலக் கனத்துக்குக் கல்லால் நிரப்பினார்கள். லிமோஷ் பகுதி நிர்வாகியான துர்கோ அங்கே வெட்டிவேலையை ஒழித்து, வரிப்பணத்தில் கூலி கொடுத்தார். தொடர்ந்து பராமரிக்க ஆள் கிடைத்ததும், பொறியாளர் திரெசகே சுமார் 10 அங்குலக் கனமே போதும் என்று காட்டினார். தோழர்களே, கவனியுங்கள்: உழைப்புக்குக் கூலி கொடுத்ததும் சாலை போடும் முறையே மாறியது.

அடுத்து ஸ்காட்லாந்துக்காரரான மெக்காடம். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றார். பாரத்தைத் தாங்குவது அடிமண்தான். அதை ஈரமில்லாமல் வைத்தால் போதும், அடியில் பெரிய கற்கள் தேவையில்லை என்றார். மேலே போடும் எந்தக் கல்லும் 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேல் இருக்கக்கூடாது என்பது அவர் விதி. அந்தச் சிறுகல்லை உட்கார்ந்து உடைத்தவர்கள் ஏழைப் பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள். முறைக்கு மெக்காடம் பெயர் நிலைத்தது. உடைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நம் கப்பிச்சாலை அந்த முறையில் வந்ததுதான். பிறகு உருளை வந்தது, தார் வந்தது. கொதிக்கும் தாருக்கு முன் காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றவர்களும் நம்மவர்களே.

போட்ட சாலையில் நடக்க உரிமை கிடைத்ததா? திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போக வேண்டியிருந்தது. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். சாலை போடும் முறை ஐரோப்பாவிலிருந்து வந்துவிட்டது. அதில் நடக்கும் உரிமையை நாம்தான் போராடிப் பெற்றோம்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சாலை எந்த ஆண்டு போடப்பட்டது, எந்த இடத்தில் நின்றது, சேரிக்கு எத்தனை ஆண்டு கழித்து வந்தது என்று விசாரித்து எழுதுங்கள். சல்லி உடைத்தவர்கள், தார் ஊற்றியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பெயரோடு பதிவு செய்யுங்கள். என் அம்மாவிடம் இதையெல்லாம் நான் கேட்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.