எல்லாரும், எப்போதும், பொதுவாக

(போடிநாயக்கனூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உரம், விதை, கடன், சாலை ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று, அவற்றைப் பேசும்போது நாம் கையாளுகின்ற சில சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். எல்லாரும், யாரும், எப்போதும், முழுவதும், பொதுவாக, சராசரியாக என்பவையே அச்சொற்கள். இலக்கண வகுப்பு நடத்த வந்துவிட்டோமோ என்று அஞ்ச வேண்டாம். சிறிது இலக்கணம் வரத்தான் செய்யும். ஆயினும் அதற்கும் குழாய்த் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீட்டுப் பழமொழி. பானைக்குள் இருப்பது ஒரே அரிசி. ஊற்றியது ஒரே தண்ணீர். மூட்டியது ஒரே தீ. ஆகையால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து மற்றவற்றைச் சொல்லிவிடலாம். அந்தப் பழமொழியை ஏலத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றால் என்ன ஆகும்? ஒரே தூரில், ஒரே சரத்தில், ஒரு காய் முற்றியிருக்கும். அடுத்தது பிஞ்சாக இருக்கும். நுனியில் பூ இருக்கும். அதனால்தான் காய் எடுப்பது ஒரே நாளில் முடிவதில்லை. சில வார இடைவெளி விட்டு, ஒரு பருவத்தில் பலமுறை எடுக்கிறோம். காய் எடுக்கும் பெண்மணிகள் ஒரு காயைப் பார்த்துச் சரத்தை முடிவு செய்வதில்லை; ஒவ்வொரு காயையும் பார்த்தே விரலை வைக்கிறார்கள். தோட்டத்தில் இத்தனை கவனமாக இருக்கிற நாம், கீழே இறங்கிப் பேச உட்கார்ந்ததும் பானைச் சோற்றுக் கணக்குக்குத் திரும்பிவிடுகிறோம்.

விலையை எடுத்துக்கொள்வோம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது. (செடிக்கும் ஏலம் என்று பெயர், விற்பனைக்கும் ஏலம் என்று பெயர், பின்னது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த சொல் என்பர்.) ஏலம் முடிந்ததும் இரண்டு எண்கள் ஊரெங்கும் பரவுகின்றன: உச்ச விலை ஒன்று, சராசரி விலை ஒன்று. ஒரு கணக்கை மனத்தில் போட்டுப் பாருங்கள். 10 கிலோ பருங்காய் கிலோ 3,000 ரூபாய்க்கும், 90 கிலோ சிறுகாய் 2,000 ரூபாய்க்கும் விலை போகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2,100 ரூபாய். அந்த 2,100 ரூபாய்க்கு விற்றவர் அந்த ஏலத்தில் ஒருவர்கூட இல்லை! ஆயினும் கடன் கொடுப்பவரும், குத்தகை பேசுபவரும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். 8 மில்லிமீட்டர்ச் சல்லடையில் தங்கிய காய் எவ்வளவு, கீழே இறங்கியது எவ்வளவு என்று தெரியாதவருக்குச் சராசரியால் பயன் சொற்பமே.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ‘ஏலக்காய்க்காரர்கள் எல்லாரும் பணத்தில் புரளுகிறார்கள்’ என்று பேச்சு எழுந்தது. முந்திய ஆண்டின் பெருவெள்ளமும், அடுத்து வந்த கோடை வறட்சியும் செடிகளைக் கெடுத்திருந்தபடியால் காய் அரிதாகியே விலை ஏறியது. விலை இருந்தபோது பலரிடம் காய் இல்லை. ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் அடைபட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

நாமும் இந்தக் குற்றத்துக்கு நீங்கினவர்கள் அல்லோம். ‘மலை வேலைக்கு ஆள் யாரும் வருவதில்லை’ என்கிறோம். விடியுமுன்னே போடியிலிருந்து மெட்டு ஏறுகிற ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து செல்பவர்கள் யார்? நாம் கொடுக்க எண்ணிய கூலிக்கு, நாம் கேட்ட நாளில் ஆள் கிடைக்கவில்லை என்பதே பல வேளைகளில் நாம் சொல்ல வேண்டிய செய்தி. அவ்வாறு சொன்னால் பேச்சு கூலியைப் பற்றியதாகிவிடும். ‘யாரும்’ என்றால் குறை அவர்கள் மேல் போய்விடும்.

இனி ஊராட்சிக்கு வருவோம். கொட்டகுடி ஊராட்சியை அறியாதவர் இங்கே இல்லை. அடிவாரத்தில் குரங்கணி, மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன், உச்சியில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். மூணாற்றுத் தேயிலை முற்காலத்தில் ரோப்வே கம்பியில் தொங்கி இறங்கிய வழியில் வந்த பெயர்களே அந்த ஸ்டேஷன்கள். குரங்கணிக்குப் போடியிலிருந்து பஸ் உண்டு. கொழுக்குமலைக்கு வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு தாண்டி, கேரளத்துக்குள் சென்று, சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஓர் இடத்தைக் குறித்து, ‘ஊராட்சியில் சாலை வசதி உள்ளது’ என்று ஒரு வரி எழுதினால் அது பொய்யன்று. இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டிச் சுமக்கும் குடியிருப்புக்கு அந்த வரி என்ன செய்யும்? ‘இல்லை’ என்று எழுதினாலும் குரங்கணிக்காரர் சிரிப்பார். ஊராட்சி என்ற பெயர் ஒன்று. அதற்குள் உள்ள குடியிருப்புகள் பல.

இங்கேதான் இலக்கணம் வருகிறது. ‘எல்லாரும் வந்தார்கள்’ என்பதில் உள்ள ‘உம்’ முற்றும்மை, ஒருவரையும் விடாதது. அது சில இடங்களில் எச்சப் பொருளும் தரக்கூடும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லி வைத்திருக்கின்றன. ‘எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வரவில்லை’ என்று மனு எழுதுகிறோம். ஒரு வீட்டுக்கும் வரவில்லை என்பது பொருளா, சில வீடுகளுக்கு வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை என்பது பொருளா? எழுதியவர் ஒன்றை நினைப்பார், படிப்பவர் மற்றொன்றைக் கொள்வார். பார்வையிட வந்த அலுவலர் நான்கு வீட்டுக் குழாயைத் திறந்து, தண்ணீர் கொட்டுவதைக் கண்டால், மனு பொய் என்று குறிப்பெழுதிவிட்டுப் போகலாம். ‘மேற்குத் தெருவில் 14 வீடுகளுக்கு வரவில்லை’ என்று எழுதியிருந்தால் அவர் அந்தத் தெருவுக்கே நடக்க வேண்டியிருக்கும்.

இதன் மறுபுறம் இன்னும் கடுமையானது. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்தின் எல்லா வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வந்துவிட்டது என்பதற்குக் கிராம சபைத் தீர்மானமே சான்று என்று முறை வகுத்தார்கள். நம் கையெழுத்துக்கு அத்தனை மதிப்பு! மலைச்சரிவில் இரண்டு வீடுகள் விடுபட்டிருக்கையில் நாம் ‘எல்லா’ என்று ஒப்பமிட்டால், கணக்கில் அவ்விரண்டு வீட்டாரும் தண்ணீர் பெற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு அவர்கள் மனுக் கொடுத்தால் நம் தீர்மானத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

பொதுச் சொற்களை விலக்கிவிட்டுப் பேச முடியாது. திட்டம் தீட்டுவோருக்கு அவை வேண்டும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பொதுச் சொல் விழும்போது, அதன் கீழே குடியிருப்பு வாரியாக எண்களை எழுதச் சொல்லலாம். இன்ன குடியிருப்பு, வீடுகள் இத்தனை, இணைப்பு பெற்றவை இத்தனை, பெறாதவை இத்தனை. அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்ற வரியையும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கலாம். ஏகமனது என்பது வந்திருந்தவர்களின் மனம். ஆண்டில் 6 முறை கிராம சபை கூட வேண்டுமென்று தமிழ்நாட்டில் ஏற்பாடு உள்ளது. அடுத்த கூட்டத்தில் புத்தகம் நம்மிடம் சுற்றி வரும்போது, மேல் குடியிருப்புகளிலிருந்து எவரேனும் இறங்கி வந்திருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம். வரவில்லையென்றால், எந்தக் குடியிருப்பிலிருந்து வரவில்லை என்பதையும் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.