கையளிக்கப்பட்ட இரவில்

(புனித வாரப் புதன்கிழமை மாலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய திருப்பலியில் நாம் கேட்ட நற்செய்தி மத்தேயு 26ஆம் அதிகாரம், 14 முதல் 25 வரையுள்ள பகுதி. பன்னிருவருள் ஒருவனான யூதாசு இஸ்காரியோத்து தலைமைக் குருக்களைத் தேடிப் போகிறான். யாரும் அவனை அழைக்கவில்லை. தானாகவே போய் விலை கேட்கிறான். முப்பது வெள்ளிக்காசுக்குப் பேரம் முடிகிறது. பழைய ஏற்பாட்டில், விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரத்தில், ஒருவனுடைய மாடு முட்டி அடிமை ஒருவர் இறந்தால் அந்த அடிமையின் தலைவனுக்குக் கொடுக்க வேண்டிய ஈடும் முப்பது வெள்ளிதான்.

இதற்குச் சில நாள் முன்புதான் பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூசினார். அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குறைப்பட்டவன் இதே யூதாசு என்கிறார் யோவான். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. முப்பது வெள்ளிக்காசை அக்காலத்துச் செக்கேல் என்று பொதுவாகக் கொள்வார்கள். அப்படியானால் அது ஏறக்குறைய நூற்றிருபது தெனாரியம். தைலத்தின் விலையில் பாதிகூட இல்லை. தைலத்துக்குச் சரியாக மதிப்புப் போடத் தெரிந்தவனுக்கு ஆண்டவருக்கு மதிப்புப் போடத் தெரியவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து ஒரு கேள்வி கேட்கும். "யூதாசு காட்டிக்கொடுக்காவிட்டால் இயேசு சிலுவையில் இறந்திருக்க மாட்டாரே, நமக்கு மீட்பும் கிடைத்திருக்காதே. அப்படியென்றால் யூதாசு நமக்கு நல்லதுதானே செய்தான்?" ஆசிரியர்கள் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடுவார்கள். உட்காரச் சொல்ல வேண்டியதில்லை. அது நல்ல கேள்வி. பெரியவர்களாகிய நாம் கேட்க அஞ்சும் கேள்வியும்கூட.

நம் தமிழிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. 'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லைப் பாருங்கள். அதற்குள் 'கொடுத்தல்' இருக்கிறது. நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதே நிலைதான். 'பராதிதோமி' என்பது அங்குள்ள சொல். கையளித்தல், ஒப்புவித்தல் என்று பொருள். யூதாசு செய்ததற்கு அந்தச் சொல். தலைமைக் குருக்கள் இயேசுவைப் பிலாத்திடம் ஒப்படைத்ததற்கு அந்தச் சொல். பிலாத்து சிலுவைச் சாவுக்குக் கையளித்ததற்கும் அதே சொல். ஆனால் புனித பவுல் உரோமையருக்கு எழுதும்போது, தந்தையாகிய கடவுள் தம் மகனை நமக்காகக் கையளித்தார் என்பதற்கும் இதையே எழுதுகிறார். கலாத்தியருக்கு எழுதும்போது, மகன் நம்மீது அன்புகூர்ந்து தம்மைத் தாமே கையளித்தார் என்பதற்கும் இதையே எழுதுகிறார்.

யூதாசு கையளித்தான், தந்தை கையளித்தார், மகன் கையளித்தார். சொல் ஒன்று, செயலும் வெளிப்பார்வைக்கு ஒன்று. அப்படியென்றால் வேறுபாடு எங்கே? புனித அகுஸ்தினார் யோவானின் முதல் திருமுகத்துக்கு ஆற்றிய மறையுரைகளில் இதே கேள்வியை எழுப்பி, செய்தவர்களின் உள்ளத்தைப் பார்க்கச் சொல்கிறார். தந்தையும் மகனும் நம் மீட்பை எண்ணினார்கள், யூதாசு தனக்குக் கிடைக்கும் பணத்தை எண்ணினான். கடவுள் அந்தத் தீமையிலிருந்தும் நன்மையை வரவழைத்தார் என்பதால், தீமை செய்தவனுக்கு அதில் பங்கு கிடையாது.

திருப்பலியில் குருக்கள் சொல்லும் இரண்டாம் நற்கருணை மன்றாட்டை அடுத்த முறை கவனித்துக் கேளுங்கள். அப்பத்தை எடுக்கும் முன் வரும் ஒரே வரியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஆண்டவர் பாடுகளுக்குக் கையளிக்கப்படுகிறார், அதற்கு மனமுவந்து செல்லவும் செய்கிறார். நாம் குருவாகி இத்தனை ஆண்டுகளில் அந்த வரியை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. பல நாள் அதை வேகமாகவே கடந்திருக்கிறோம். அந்த 'மனமுவந்து' என்ற சொல்லின் கனத்தை நமக்குக் காட்டியவர் குருமடத்துப் பேராசிரியர் யாருமல்ல.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஒரு பெண்மணி இருந்தார். கணவர் அவருக்குத் தெரியாமல் நகைகளை அடகு வைத்துவிட்டார். பிறகு அவர் கையெழுத்தைத் தானே போட்டு மகளிர் குழுவில் கடன் எடுத்துவிட்டார். கேட்டபோது அடித்தார். உதட்டில் தையலோடு பங்கு இல்லத்துக்கு வந்த அவரிடம் நாம் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. இயேசுவையும் கூட இருந்தவனே காட்டிக்கொடுத்தான், அவர் பொறுத்துக்கொண்டார், நீயும் உன் சிலுவையைச் சுமந்துகொள் மகளே என்றோம். செபமாலை ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினோம்.

அவர் வாசற்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "சாமி, இயேசு போகணும்னு அவரே போனாரு. என்னைய யாரு சாமி கேட்டா?" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. இறையியல் படித்து முடித்திருந்தோம், தேர்விலும் நல்ல மதிப்பெண். அந்தத் தாய் சொன்னது, நாம் படித்த யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. தம் உயிரைத் தம்மிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக ஆண்டவர் அங்கே சொல்கிறார். பறிக்கப்படுவதும் கொடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பெண்மணியிடமிருந்து பறித்தார்கள். பறிகொடுத்தவரிடம் போய், இதைப் பலி என்று எண்ணிக்கொள் என்று சொன்ன நாம், பறித்தவர் பக்கம் நின்றோம்.

இப்போது அந்த வியாழன் இரவின் வரிசையைப் பாருங்கள். கெத்சமனித் தோட்டத்தில் தீப்பந்தங்களும் படைக்கலங்களுமாகக் கூட்டம் வருவது பிறகுதான். அதற்கு முன்பே, மேல்மாடி அறையில், ஆண்டவர் அப்பத்தை எடுத்துப் பிட்டுத் தம் உடலாகக் கொடுத்து முடித்துவிட்டார். யூதாசு காட்டுவதற்குள் அவர் கொடுத்துவிட்டார். யோவான் 18ஆம் அதிகாரத்தில் கூட்டம் தோட்டத்துக்குள் வந்ததும் ஒளிந்துகொள்ளாமல் முன்னே வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று அவரே கேட்கிறார். தாம்தான் என்று சொல்கிறார். தம்மைப் பிடித்துக்கொண்டு சீடர்களைப் போக விடும்படி கட்டளையிடுகிறார். பிடிபட்டவர் பேசும் பேச்சா இது? மறைக்கல்விப் பிள்ளைக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். நம்மை மீட்டது யூதாசின் துரோகம் அல்ல, ஆண்டவரின் அன்பு. யூதாசு போகாமல் இருந்திருந்தாலும் அந்த அன்பு குறைந்திருக்காது.

அந்தப் பெண்மணி நம் சொல்லைக் கேட்கவில்லை. பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போனார், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார், தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கணவர் நோயில் விழுந்து அரசு மருத்துவமனையில் கிடந்தபோது, நோயில் பூசுதல் கொடுக்கப் போன நாம் அங்கே அவரைக் கண்டோம். கையில் கஞ்சித் தூக்கு. நாம் கேட்காமலே சொன்னார்: "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல சாமி, போகவும் மாட்டேன். கஞ்சி மட்டும் நானா கொண்டாறேன். யாரும் சொல்லல." அவர் கொண்டுவராமல் இருந்திருந்தாலும் அது பாவமல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டு நாளை யாராவது தம் மகளிடமோ மருமகளிடமோ போய், பார்த்தாயா, நீயும் கஞ்சி கொண்டு போ என்று சொல்லக்கூடும்.

காட்டிக்கொடுக்கப்பட்டவரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். காட்டிக்கொடுத்தவர்களாகவும் நாம் இருக்கிறோமே, அதையும் பேச வேண்டும்.

யூதாசு என்ற பெயரைப் பிள்ளைகளுக்கு நாம் வைப்பதில்லை. ஆனால் புனித யூதா ததேயுவுக்கு நவநாள் செய்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். இருவருக்கும் ஒரே பெயர்தான். (யூதாசை வைத்து யூத மக்கள் அனைவர்மேலும் பழி சுமத்தியது கிறிஸ்தவ வரலாற்றின் பெரும் பாவம். அப்படிச் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது.) அந்த இரவில் ஆண்டவரை விட்டு ஓடியவன் யூதாசு மட்டுமல்ல. பேதுரு மும்முறை மறுதலித்தார். மற்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

யூதாசும் மனம் வருந்தினான். இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் அவன் காசுகளைத் திருப்பிக் கொண்டுபோகிறான், தான் பாவம் செய்ததாக அறிக்கையிடுகிறான், மாசற்றவரைக் காட்டிக்கொடுத்ததாகவும் சொல்கிறான். பாவ அறிக்கைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. யாரிடம் போனான்? குருக்களிடம். அவர்கள் என்ன சொன்னார்கள்? அது எங்களுக்கு என்ன, உன் பாடு என்ற பொருளில் கைகழுவி விட்டார்கள். அவன் எறிந்துவிட்டுப் போன காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாமா கூடாதா என்று மட்டும் சட்டம் பார்த்தார்கள், குயவன் நிலத்தை வாங்கினார்கள். மனம் உடைந்து வந்தவனை அனுப்பிவிட்டு அவன் பணத்துக்கு ஒழுங்குமுறை தேடிய அந்தக் குருக்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் குருக்களாகிய எங்களுக்கு உள்ளம் நடுங்க வேண்டும்.

பேதுரு வேறொருவரின் பார்வையில் அகப்பட்டார். ஆண்டவர் திரும்பி அவரை உற்றுப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார். யூதாசு அந்தப் பார்வைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டான். ஆனால் எட்டாத இடம் என்று ஒன்று உண்டா? பிரான்சு நாட்டில் வெசலே என்ற ஊரின் பழைய பேராலயத்தில் ஒரு தூண்தலைச் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் யூதாசு தூக்கில் தொங்குகிறான். மறுபக்கம் ஒருவர் அவன் உடலைத் தோள்மேல் சுமந்து செல்கிறார். அவர் நல்ல ஆயர்தான் என்று பலர் பார்க்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிசு இந்தச் சிற்பத்தைப் பலமுறை எடுத்துச் சொன்னார். திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும், யூதாசையும்கூட, பெயர் சொல்லி அறிவித்ததில்லை.

நாளை மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். யோவான் 13ஆம் அதிகாரத்தின்படி அன்று ஆண்டவர் கழுவிய கால்களில் யூதாசின் கால்களும் இருந்தன. கழுவி முடித்த பிறகுதான் அவன் எழுந்து வெளியே போனான்.

உங்கள் பங்குக் கோவிலில் இன்று இரவோ நாளை காலையோ ஒப்புரவு அருளடையாளத்துக்காகக் குருக்கள் அமர்ந்திருப்பார்கள். நேரத்தைக் கோவில்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு எப்போதாவது ஒரு குரு உங்களிடம், அது உன் பாடு என்றோ, பொறுத்துக்கொள் என்றோ சொல்லி அனுப்பியிருந்தால், அவர் சார்பிலும் நம் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறோம். மறுபடியும் வாருங்கள்.