கை காக்கும் உறை

(எமது வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வாட்பயிற்சிக்கு ஏற்ற கையுறையைத் தெரிவு செய்தல் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். திருமுறைச் சிறப்பும் சித்தாந்த விளக்கமும் ஒலிக்கும் இம்மேடையிலே கையுறையைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் முறுவலிப்பது எமக்குத் தெரிகின்றது. பொருள் சிறியதுதான். ஆயினும், அதனைச் சிறிதென்று எண்ணியதனாலே எம் நண்பர் ஒருவருடைய பெருவிரல் முறிந்தது. அதனாலேயே இப்பேச்சு.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் நன்று. "வாளெடுத்தவனுக்குக் கையுறை எதற்குத் தம்பி? அடிக்குப் பயந்தவன் வீட்டிலே இருக்கலாமே" என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். அவருக்கு நாம் கூறிய விடை இது: வான்மீகி இராமாயணத்துப் பாலகாண்டத்திலே, விசுவாமித்திர முனிவருடைய வேள்வியைக் காக்கப் புறப்பட்ட இராமரும் இலக்குமணரும், வில்லும் வாளும் தாங்கியதோடு, கோதையும் விரற்காப்பும் அணிந்து சென்றதாகச் சொல்லப்படுகின்றது. கோதை என்பது வில்லின் நாண் தாக்காதபடி முன்கையிலே கட்டும் தோற்கட்டு. தாடகையை எதிர்க்கச் சென்ற வீரர்க்கே அது இழுக்கில்லையெனின், மாலைப் பொழுதிலே மைதானத்தில் பயிலும் எமக்கு எங்ஙனம் இழுக்காகும்? பெரியவர் சிரித்து, "சரி, போட்டுக்கொண்டு ஆடுங்கோ" என்றார்.

இனி, நாம் குறிப்பிடும் பயிற்சி யாதெனக் கூறுவோம். ஐரோப்பாவிலே முற்காலத்து வாளாசிரியர் பலர் தம் கலையை ஏடுகளில் எழுதி வைத்தனர். 1570ஆம் ஆண்டிலே யோவாக்கிம் மையர் என்பவர் ஸ்திராஸ்பூர்க் நகரிலே படங்களோடு அச்சிட்ட நூல் அவற்றுள் ஒன்று. இடையிலே வழக்கொழிந்துபோன அக்கலையை, அத்தகைய நூல்களின் துணைகொண்டு இன்று பல நாட்டு வாலிபரும் மீண்டும் பயில்கின்றனர். இரு கையாலும் பிடிக்கும் நீண்ட வாளே அவர்களுட் பலர் விரும்புவது. அதன் விளிம்பு மழுங்கியது. நிறையோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எம்முள்ளும் சிலர் கூடி, மரவாள் கொண்டு அதனைப் பயிலத் தொடங்கினோம்.

மரவாள்தானே என்று எண்ணியது எமது முதற் பிழை. கல்லூரி நாட்களிற் பயன்படுத்திய கிரிக்கெற் கையுறைகள் போதும் என்று எண்ணியது இரண்டாவது பிழை. முதற் சில கிழமைகள் மெல்லப் பயின்றோம், ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராமையே எமக்குத் துணிவைத் தந்தது. துணிவு வேகத்தைத் தந்தது. ஒரு மாலை, நண்பர் வெட்டைத் தடுக்க வாளை உயர்த்தினார். வந்த வாள் அவருடைய வாளின்மேல் வழுக்கி, பிடியின் அருகே இருந்த பெருவிரலிலே போய் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிந்தாற்போல ஒரு சிறு ஓசை. கையுறையைக் கழற்றிப் பார்த்தோம். உறையிலே ஒரு கீறலும் இல்லை. உள்ளே எலும்பு முறிந்திருந்தது. அடித்த வாளைப் பிடித்திருந்தது எமது கையே.

எழுதும் கை அது. அடுத்த மாதம் நடந்த பரீட்சையை அவர் எழுதவில்லை. வீட்டுக்குச் சென்றபோது அவருடைய தாயார் எம்மை ஏசவில்லை. "விளையாடப் போன பிள்ளை எழுதிற கையையோ தம்பி குடுத்திட்டு வரவேணும்?" என்று மாத்திரம் கேட்டார். நாம் தலை குனிந்து நின்றோம். அதன் பின்னரே கையுறையைப் பற்றித் தேடிப் படிக்கவும் தெரிந்தோரைக் கேட்கவும் தொடங்கினோம்.

வாட்பயிற்சியிலே அதிகமாக அடிபடும் உறுப்புக்களுட் கை ஒன்று. காரணம் எளியது. வாளை நீட்டி நிற்பவனுடைய உடலிலே எதிரிக்கு மிக அண்மையில் இருப்பது அவன் கையே. தலையையோ தோளையோ குறிவைத்த வெட்டும் இடையிலே கையைத்தான் சந்திக்கின்றது. அக்கையோ இருபத்தேழு சிற்றெலும்புகளால் ஆனது. தொடையிலும் தோளிலும் தசை மெத்தைபோல நின்று அடியை வாங்கும். விரலின் புறத்திலே தோலுக்கும் எலும்புக்கும் இடையே அத்தகைய மெத்தை இல்லை. அன்றியும், பிடியை இறுகப் பற்றிய விரல் பின்வாங்க இடமில்லாதது. ஒரு புறம் பிடி, மறுபுறம் விழும் வாள். உலக்கைக்கும் உரலுக்கும் இடைப்பட்ட நெல்லின் நிலைதான் அதற்கு.

கிரிக்கெற் கையுறை ஏன் காக்கவில்லை? பந்து பெரும்பாலும் முன்னிருந்து வருவது. ஆதலால் அவ்வுறையிலே விரல்களின் புறத்திலேயே தடித்த திண்டுகள் வைக்கப்படும். வாளோ மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும். திண்டுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்திலும், விரல் நுனியிலும், மணிக்கட்டிலும் அது புகும். உருண்ட பந்தின் அடி பரந்து விழும்; வாளின் அடி ஒரு கோட்டிலே குவிந்து விழும். ஒரு விளையாட்டுக்கு நல்ல உறை இன்னொன்றுக்கும் நல்லதென்று கொள்ளலாகாது என்பதை அன்று அறிந்தோம்.

ஆகவே முதல் விதி இது: வாளைப் பார்த்துக் கையுறையைத் தெரிவு செய்க. ஒலிம்பிக் போட்டிகளிலே காணும் மெல்லிய வாள் வகைகளுட் குத்துவாளாகிய ஃபொயிலின் நிறை 500 கிராமிற்குட் பட்டது; எப்பே என்பது 770 கிராமிற்குட் பட்டது. அவற்றின் பிடியிலே கிண்ணம்போன்ற உலோகக் காப்பு இருந்து கையை மறைக்கின்றது. ஆதலால் வாளேந்திய ஒரு கைக்கு மாத்திரம் மெல்லிய உறை போதும். ஆனால் அவ்வுறை முன்கையின் பாதியளவுக்கு மேலேறி நிற்கவேண்டும் என்பது விதி. எதிரியின் வாள்முனை சட்டைக் கைக்குள்ளே புகாதிருத்தற் பொருட்டு.

யப்பானியரின் கெண்டோவிலே மூங்கிற் சிலாகை நான்கைச் சேர்த்துக் கட்டிய ஷினாய் என்னும் வாள் பயன்படுகின்றது. அதன் நிறை ஏறத்தாழ அரைக் கிலோ. அடிக்கும்போது வளைந்து கொடுக்கும். மணிக்கட்டுப் பகுதி அங்கே முறைப்படி அடிக்கவேண்டிய இலக்குகளுள் ஒன்று. ஆகவே கொத்தே எனப்படும் அவர்களுடைய உறை முன்கையையும் சேர்த்து மூடும். உள்ளங்கையிலே மெல்லிய தோலும் புறத்திலே தடித்த பஞ்சணையும் உடையது. மூங்கிலுக்காகச் செய்த அதனை அணிந்துகொண்டு எஃகு வாளின் முன் நிற்றல் தகாது.

நீண்ட வாளின் நிலை வேறு. அதன் பிடிக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் நிற்பதன்றிக் கையை மறைக்கும் கிண்ணம் இல்லை. வாளோ பாரமானது, இரு கையின் வலியும் சேர்ந்து வருவது. எனவே இரு கைக்கும், பஞ்சணைமேல் கடினமான தகடுகள் பதித்த கனத்த உறை வேண்டும். வெறுந் தோலுறை இதற்கு ஒருபோதும் போதாது.

அத்தகைய கனத்த உறைகள் மூவகைப்படும். நான்கு விரலும் ஓரறையில் ஒடுங்கப் பெருவிரல் மாத்திரம் தனித்து நிற்பது ஒருவகை. விரல்கள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து, பெருவிரலோடு மூன்று பிரிவாய் அமைவது இன்னொரு வகை. ஐந்து விரலும் தனித்தனியே அசைவது மூன்றாவது வகை. விரல்கள் ஓரறையிலே கூடியிருக்கும்போது ஒரு விரலின்மேல் விழும் அடியை அயல் விரல்களும் பகிர்ந்துகொள்ளும். காப்பு மிகும், பிடியின் நயம் குறையும். ஐவிரல் உறையிலே பிடியின் நயம் மிகும். ஆயினும் ஒவ்வொரு விரலும் தன் அடியைத் தானே தாங்கவேண்டும். புதிதாகப் பயில்வோர்க்கு ஓரறை உறையோ மூன்று பிரிவுடைய உறையோ ஏற்றது என்பது எமது கருத்து.

வாங்குமுன் சோதிக்கவேண்டியவை ஐந்து.

முதலாவது, பெருவிரல். நீண்ட வாளிலே சில பிடிகளில் பெருவிரல் வாளின் தட்டையான பக்கத்திலே நீட்டி வைக்கப்படும். ஆதலால் அதன் புறமும் இரு பக்கமும் நுனியும் தகட்டினால் மூடப்பட்டனவா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது, விரல் நுனி. கையை மடக்கிப் பிடித்தபின் நுனிகள் வெளியே தெரியக்கூடாது. உள்ளே விரல் நுனி தகட்டின் முனையிலே முட்டவும் கூடாது. முட்டினால் தகட்டில் விழும் அடி விரலுக்கே போகும்.

மூன்றாவது, மணிக்கட்டு. உறையின் மேற்பகுதி சட்டைக் கையின்மேல் நன்றாய் ஏறி நிற்றல் வேண்டும். கையை எப்பக்கம் திருப்பினும் இடையிலே தோல் தெரியலாகாது.

நான்காவது, பிடி. தம் சொந்த வாளைக் கொண்டுசென்று, இரண்டு கையிலும் உறையணிந்து பிடித்துப் பார்க்கவேண்டும். கனத்த உறைகள் இரண்டும் பிடியின் நீளத்தினுள் அடங்காதுபோவதும் உண்டு. வாளை இறுகப் பற்றமுடியாத உறை எதிரே நிற்பவனுக்கும் ஆபத்து.

ஐந்தாவது, அளவு. பெரிய உறை அடியின்போது நழுவும். சிறிய உறை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்குக் கொடுக்கும் எமது வீட்டு வழக்கம் இங்கே செல்லாது.

வாங்கிய பின்னும் கவனம் வேண்டும். எமது நாட்டு வெப்பத்திலே வியர்வையால் நனைந்த உறையைப் பையிலே கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலிலே, காற்றாட உலர்த்துதல் வேண்டும். தகடு வெடித்தாலோ ஆணி கழன்றாலோ அதனைத் திருத்தும்வரை அணியலாகாது.

"இவையெல்லாம் பணமுள்ளவர்க்கன்றோ?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல உறை விலை கூடியது. மாணவராகிய எம்மில் ஒவ்வொருவரும் ஒரு சோடி வாங்குதல் இயலாது. ஆகவே கூட்டாகப் பணஞ் சேர்த்து, பலருக்கும் பொருந்தும் அளவிலே இரண்டு சோடி வாங்கி, எமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டோம். இரண்டு சோடி இருந்தால் இருவரே மோதுவது; ஏனையோர் அடிவைப்பையும் வெட்டு முறைகளையும் தனித்தும், தொடாமலும் பயில்வது. காத்திருப்பவர்க்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமையும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கையுறைக்கு முன்னே முகக்கவசம். 1980ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்கிலே தங்கப் பதக்கம் பெற்ற விளாடிமிர் சிமிர்னோவ் என்னும் வீரர், 1982இல் உரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியிலே எதிரியின் ஒடிந்த வாள் முகக்கவசத்தைத் துளைத்ததனால் உயிர் நீத்தார். அதன் பின்னரே கவசங்களின் தரம் உயர்த்தப்பட்டது. முகத்துக்கும் கழுத்துக்கும் காப்பில்லாதவன் கைக்குச் சிறந்த உறை வாங்கிப் பயனில்லை.

முடிவாக, கனத்த உறைக்கும் ஒரு குறை உண்டு. வலி தெரியாதபடியால், அணிந்தவன் அடியை மதியான். எதிரே நிற்பவனும் "உறை போட்டிருக்கிறான்தானே" என்று ஓங்கி அடிப்பான். எவ்வளவு நல்ல உறையும் முழு வலியோடு விழும் வாளுக்கு முன் உறுதி சொல்லாது. எம் நண்பருடைய விரலைக் காத்திருக்கக்கூடியது நல்ல உறை மாத்திரமன்று. எமது கையின் அடக்கமும் அதனைக் காத்திருக்கும். அன்று இரண்டும் இல்லாமற்போயின.

ஏகலைவன் பெருவிரலைக் கொடுத்த கதையை நாம் எல்லோரும் சிறு வயதிலே கேட்டிருக்கின்றோம். குரு கேட்டார், அவன் கொடுத்தான். அந்த ஒரு விரலோடு அவனுடைய வில்வன்மையும் குன்றிற்று. எம்மிடத்திலே யாரும் விரலைக் கேட்கவில்லை. கேளாமலே, கவலையீனத்தாற் கொடுத்துவிடுவது தியாகமாகாது.

நண்பரின் விரல் இப்பொழுது கூடிவிட்டது. அடுத்த முறை பரீட்சையும் எழுதினார். மீண்டும் பயில வந்த முதல் நாளிலே, புதிய உறையை அவருடைய கையிலே மாட்டி வாரை இறுக்கிக் கட்டியவர்கள் நாமே. அவர் வாளை உயர்த்தி, "இனி அடிக்கலாம்" என்றார். நாம் மெல்லவே அடித்தோம்.