வேரைக் காணச் சொன்ன பேராசிரியர்
(யூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கில் இன்று கல்லூரிக்குப் போகாத பிள்ளை இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. "என்ன படிக்கலாம், சாமி?" என்று கேட்டு வருகிறீர்கள். எதைப் படித்தாலும் அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதைச் சொல்ல, ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சி. கே. பிரகலாத். 1941இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையார் நீதிபதி. சென்னை லொயோலா கல்லூரியில் சேசு சபைக் குருக்களிடம் பௌதிகம் பயின்றார். பத்தொன்பதாம் வயதிலேயே யூனியன் கார்பைடு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, 4 ஆண்டுகள் தொழிலாளரோடு பழகினார். பிறகு அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் அணியில் படித்து 1966இல் வெளிவந்தார். 1975இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். தாய்நாடு திரும்பி அகமதாபாத்தில் சில காலம் கற்பித்தபின், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவர் ஆராய்ந்தது பன்னாட்டு நிறுவனங்களை. பல நாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனத்தை இரண்டு கைகள் இழுக்கின்றன. எல்லா நாட்டிலும் ஒரே முறையில் செய்தால் செலவு குறையும் என்கிறது ஒன்று. அந்தந்த நாட்டு மக்களின் தேவைக்கும் அரசின் சட்டத்திற்கும் இணங்கு என்கிறது மற்றொன்று. இரண்டையும் எப்படி ஒருங்கே காப்பது என்று ஈவ் டோஸ் என்பவரோடு சேர்ந்து 1987இல் நூல் எழுதினார்.

1990இல் கேரி ஹாமெலோடு எழுதிய கட்டுரையில் நிறுவனத்தை மரத்திற்கு ஒப்பிட்டார். கடையில் காணும் பொருள்கள் இலையும் கனியும். மரத்தைத் தாங்குவதோ கண்ணுக்குத் தெரியாத வேர். ஹோண்டா நிறுவனம் காரும் செய்கிறது, மோட்டார் சைக்கிளும் செய்கிறது. அதன் வேர் எஞ்சின் செய்யும் திறமை. அந்தத் திறமையைப் பேணாமல் கனியை மட்டும் எண்ணுகிறவன் ஏமாந்துபோவான் என்றார்.

பெரிய நிறுவனங்களுக்குப் பாடம் சொன்னவர், பின்னாளில் ஏழைகளின் பக்கம் திரும்பினார். 2004இல் வெளிவந்த அவரது நூல், உலகின் கோடானுகோடி ஏழைகளைக் கையேந்துவோராக அல்ல, விலை கொடுத்து வாங்கும் மதிப்புள்ள மனிதராகப் பாருங்கள் என்றது. மும்பை தாராவியில் வாழும் ஏழை, குடிநீருக்கு வசதியானோர் வாழும் வார்டன் சாலைக்காரரைவிட 37 மடங்கு விலை கொடுக்கிறார் என்று கணக்குக் காட்டினார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் எடுத்துக்காட்டினார். அங்கே பணம் கொடுப்போரின் வருவாயால், கொடுக்க இயலாதோரும் கண்ணொளி பெறுகிறார்கள்.

இதற்கு மறுப்பும் எழுந்தது. அவருடைய பல்கலைக்கழகத்திலேயே பணிபுரிந்த அனில் கர்னானி, 2007இல் கேட்டார்: ஏழைக்குப் பொருளை விற்பதால் வறுமை தீருமா? அவன் உழைப்புக்கு வேலையும் வருமானமும் அல்லவா வேண்டும்? இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஏழையின் கைக்கு எட்டுகிறது என்பது மெய். ஆனால் அந்த ஐந்து ரூபாயைச் சம்பாதிக்க அவனுக்கு வழி வேண்டும் என்பதும் மெய்யே.

நம் தெருவிலும் பாருங்கள். மாதச் சாமானை மொத்தமாக வாங்குகிறவருக்கு விலை குறைவு. அன்றாடம் கூலி வாங்கி, நூறு கிராம் எண்ணெய் வாங்கும் தாய்க்கே விலை அதிகம். இல்லாதவளே கூடுதலாகக் கொடுக்கிறாள்! பல ஆண்டுகள் இதைக் கண்ணால் கண்டும் நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. படித்த ஒருவர் போட்டுக் காட்டிய பின்புதான் உறைத்தது.

2009இல் பத்மபூஷண் பெற்ற பிரகலாத், 2010 ஏப்ரல் 16இல் காலமானார்.

இளைஞர்களே, பட்டமும் சம்பளமும் கனிகள். உங்களை வளர்த்த வீடும் தெருவும் வேர்கள். பெரிய கணக்குகளைக் கற்று வாருங்கள். வந்தபின், அந்த நூறு கிராம் எண்ணெய்க் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.