நோயின் வேருக்கும் பொருள் வேண்டும்



நோய் வந்ததும் வைத்தியசாலையை நினைக்கின்றோம். அது வந்த வழியை நினைக்கின்றோமா?

1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நம் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, அவற்றில் நுளம்பு பெருகிற்று. வயலும் விளையாமையால், பசியால் மெலிந்திருந்த ஏழைகளும் அவர்தம் குழந்தைகளுமே மிகுதியாக மாண்டனர். கொயினா காய்ச்சலைத் தணிக்கும், பசியைத் தணிக்குமா?

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி நல்வழி காட்டியிருந்தது. நோயாளி வருமட்டும் காத்திராது, அதன் ஊழியர் வீடு தேடிச் சென்றனர். தாய் சேய் நலத்தையும் மலசலகூடத்தையும் கவனித்தனர். நுளம்பையும் நோயையும் பல்லாண்டு விடாது தேடி ஒழித்தமையாலேயே, 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றும் நமக்குக் கிடைத்தது.

இத்தகைய பணிக்குச் செலவிடும் ரூபாவின் பயன் கண்ணுக்குத் தெரியாது. வராத நோயை எண்ணுவார் யார்? ஆகவே, சிக்கனம் என்றதும் அதனைக் குறைப்பது எளிதாகின்றது.

அன்பர்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் வைத்தியசாலைக் கட்டிடம் மட்டும் கேளாது, நல்ல தண்ணீரும் வடிகாலும் பிள்ளைகளுக்குச் சத்துணவும் கேட்போமாக.